நீ வரைந்த கோடும் நான் எழுதிய வரியும்

பாப்பா,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு நான் சொன்ன பதில் தவறு. அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் சுற்றி வளைத்து வேறு எதையாவது எழுதிக் கடிதத்தை முடித்துவிடுவேன். "வுடு பாப்பா, யாருக்குத் தெரியப் போவுது" என்றேன். நீ "சரிப்பா" என்றாய். அம்மாவின் முட்டி வலியைப் பற்றி விசாரித்துவிட்டு வைத்துவிட்டாய். எதிர்த்து இரண்டு வார்த்தை பேசியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த உன் அம்மா, "இன்னாங்க, கொழந்த உங்கள நம்பிக்கினு கேக்குது, நீங்க பாட்டுக்கு இப்டிச் சொல்லிட்டீங்க" என்றாள். அவளுக்கு ரேடாரும் தெரியாது, துருவப் பனியும் தெரியாது. இருந்தாலும் என் குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள். ரிட்டயர்டு ஆன இந்த மூன்று வருடத்தில் பதில் சொல்வதே எனக்கு அலுப்பாகிவிட்டது. யார் எதைக் கேட்டாலும் வுடு, வுடு என்றுதான் வாயில் வருகிறது. உன்னிடமும் அப்படித்தான் வந்துவிட்டது.

இதைக் கையால் எழுதுகிறேன். முடித்ததும் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அம்மா உனக்கு அனுப்புவாள். இதை ரகசியமாக வைத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். உன்னோடு வேலை செய்பவர்களுக்கு நீ படித்துக் காட்டினாலும் சரிதான். என்னைப் பற்றி அசிங்கமாக இதில் ஒன்று வருகிறது. அதை மறைத்தே பதினெட்டு வருடம் ஓட்டிவிட்டேன், இனி மறைக்க எனக்குத் தெம்பு இல்லை.

உன் விஷயத்தை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துக்கொள். இந்த வேலையில் சேர்ந்த புதிதில் நீ லீவில் சங்கராபுரம் வந்தபோது, இரண்டு நாள் உட்கார்ந்து எனக்கு விளக்கினாய். துருவத்துப் பனி எவ்வளவு கனம் என்று தெரிந்துகொள்ள, ஒரு காலத்தில் அதில் குழி போட்டு வெடி வைத்து, அதிர்வு அடியில் பட்டுத் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பார்களாம். ஓர் இடம் பார்த்துவிட்டு மூட்டை முடிச்சோடு அடுத்த இடத்துக்குப் போக வேண்டும். அதே காலத்தில் விமானங்களில் உயரம் காட்டும் ஒரு கருவி இருந்தது. கீழே ரேடியோ அலையை அனுப்பி, அது தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து உயரத்தைச் சொல்லும். ஊருக்கு மேலேயும் கடலுக்கு மேலேயும் ஒழுங்காக இருந்த அந்தக் கருவி, பனிக்கு மேலே போனதும் பொய் சொன்னது. அலை பனியின் மேல் நிற்காமல் உள்ளே புகுந்து, அடியில் கிடக்கும் பாறை வரைக்கும் போய்த் திரும்பியது. ஓட்டுகிறவர் இன்னும் நிறைய உயரம் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பார், பனித்தரையோ காலடியிலேயே இருக்கும். "கருவி தப்பாக் காட்டுதுன்னு ஆளுங்க வெளிய சொன்னாங்கப்பா, அதுலருந்துதான் எங்க வேலையே பொறந்துச்சி" என்றாய். பனிக்குள்ளே அலை போகிறதென்றால் பனியையே அளக்கலாமே என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். முதலில் பனியில் ஓடும் வண்டியில் கட்டிப் பார்த்தார்கள். பிறகு விமானத்தின் இறக்கைக்கு அடியில் கம்பிகளைக் கட்டி, வயலில் ஏர் ஓட்டுகிற மாதிரி போவதும் வருவதுமாகப் பறந்தார்கள். திரும்பி வந்த அலையெல்லாம் நீள நீளமான ஃபிலிம் சுருளில் கோடாக விழுந்தது. மனிதக் கண் பார்க்காத மலையும் பள்ளத்தாக்கும் ஏரியும் அந்தக் கோட்டில் இருந்தன.

நீ சொல்லச் சொல்ல எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? தோண்டாமலே பூமிக்குள் இருப்பதைப் பார்க்க அலைந்தவன்தானே நானும். நான்கு கம்பிகளைத் தரையில் அடித்து, வெளிக் கம்பிகள் வழியாகக் கரண்ட் விட்டு, உள் கம்பிகளில் மீட்டர் பார்த்து, இங்கே போர் போட்டால் தண்ணீர் வருமா வராதா என்று எழுதிக் கொடுப்பேன். மூங்கில்துறைப்பட்டுக் கரும்புக் கொல்லையிலிருந்து சின்னசேலத்துச் சோளக் காடு வரைக்கும் நான் கம்பி அடிக்காத ஊர் கம்மி. என் மகள் உலகத்தின் கோடியில் இதையே பெரிதாகச் செய்கிறாள் என்று டீக்கடையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

போன வருடம் நீ கட்டுரை எழுதினாய். பனிக்கு அடியில் ஓர் இடத்தில் ஆழமான பள்ளத்தாக்கு இருக்கிறது, இதோ அதன் கோடு என்று வரைந்து காட்டினாய். எல்லோரும் பாராட்டினார்கள். வருகிற சீசனில் அங்கே கூடாரம் போட்டு, பனியைத் துளைத்து அடிவரைக்கும் போவதாகத் திட்டம் போட்டுவிட்டார்கள். இப்போது நீ பழைய ஃபிலிம் சுருள்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது, அந்தக் காலத்தில் அதே இடத்துக்குக் குறுக்கே ஒரு விமானம் பறந்த பதிவு கிடைத்திருக்கிறது. அதில் பள்ளத்தாக்கே இல்லை. அலை நேராகக் கீழே மட்டும் போவதில்லை, பக்கவாட்டிலும் விரியும், பக்கத்தில் புதைந்திருக்கும் மலையில் பட்டுத் தாமதமாகத் திரும்பியதைத்தான் நீ பள்ளத்தின் அடி என்று எடுத்துக்கொண்டாய். நம் கல்வராயன் மலை மடிப்பில் நின்று கத்தினால் எதிர் மலை ஒரு தரம் சொல்லும், பக்கத்து மலை கொஞ்சம் பிந்திச் சொல்லுமே, அதுபோல என்று நான் புரிந்துகொண்டேன். இது இன்றைக்கு உனக்கு மட்டும்தான் தெரியும். அடுத்த மாதம் உன் வேலையை நீட்டிப்பதா வேண்டாமா என்று உட்காரப் போகிறார்கள், அந்தக் கட்டுரையை வைத்துத்தான். "இப்ப இன்னாப்பா பண்றது" என்று கேட்டாய். துளை போட்டவர்கள் ஒன்றுமில்லாமல் திரும்பினால் பனிமேல் பழியைப் போட்டுவிடுவார்கள் என்று எனக்கு உடனே தோன்றியது. அப்படித் தோன்றுவதற்கு எனக்குப் பழக்கம் இருந்தது. எங்கள் தொழிலில் பாறைமேல் பழியைப் போடுவோம்.

நீ இன்னொன்றும் சொன்னாய், போகிற போக்கில். அதே பழைய சுருளோடு இருந்த நோட்டில், வேறோர் இடத்துக்கு நேராக, விமானத்துக்குள் குளிரில் உட்கார்ந்து கருவியைப் பார்த்துக்கொண்டிருந்த எவரோ பென்சிலால் "இந்தப் பகுதியை நம்ப வேண்டாம்" என்று எழுதி வைத்திருந்தாராம். அதைக் கேட்டதால்தான் அவசரமாக வுடு என்றேன். இனி என் கதையைச் சொல்கிறேன்.

நீ ஆறாவது சேர்ந்த வருடம், சித்திரை மாதம். கல்வராயன் மலைமேல் ஒரு சின்ன ஊர், பெயர் வேண்டாம். அங்கே ஊருக்குப் பொதுவாக ஒரு போர் போட வேண்டும், இடம் பார்த்து வா என்று அனுப்பினார்கள். நானும் கம்பி அடிக்கிற முருகேசனும் போனோம். தரை சுட்ட செங்கல் மாதிரி கிடந்தது. அப்படிக் காய்ந்த மண்ணில் கரண்ட் இறங்காது. கம்பி அடித்த இடத்தில் உப்புத் தண்ணீர் ஊற்றி நனைக்க வேண்டும், அப்போதுதான் மீட்டர் உண்மையைச் சொல்லும். நாங்கள் கேனில் கொண்டுபோன தண்ணீர் காலையில் அடிவாரத்தில் வேறோர் இடம் பார்த்ததிலேயே தீர்ந்துவிட்டது. மீட்டர் முள் நிற்காமல் தள்ளாடியது. அந்த ஊரில் அலமேலு என்று ஒரு பெண், உன் அம்மா வயதுதான் இருக்கும், கீழே ஓடையிலிருந்து தலையில் ஒரு குடமும் இடுப்பில் ஒரு குடமுமாக ஏறி வந்துகொண்டிருந்தாள். முருகேசன் பார்த்துவிட்டு, "சார், ரெண்டு கொடம் ஊத்துனா முள்ளு நின்னுடும்" என்றான். எனக்கு அதைக் கேட்கவே கூசியது. "குடிக்கிற தண்ணிய்யா, வுடு" என்றேன். அவள் காதில் விழுந்துவிட்டது. குடத்தை இறக்கி வைத்து, "ஊத்துங்க சார். நாளைக்கு இங்கியே தண்ணி வரப் போவுதுல்ல, ரெண்டு கொடந்தான போவுது" என்றாள்.

நான் ஊற்றவில்லை பாப்பா. தண்ணீர் இல்லாத ஊரில், ஒருத்தி மலையேறிச் சுமந்து வந்த தண்ணீரைத் தரையில் கொட்ட என் மனம் ஒப்பவில்லை. ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு, "இதுவே போதும்மா" என்று சொல்லித் தள்ளாடிய முள்ளைப் பார்த்தே குறித்துக்கொண்டேன். நான் ரொம்ப நல்லவன் என்று அன்றைக்கு எனக்கு ஒரு நினைப்பு. வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம்கூட அந்தக் குடத்துக் கதையைப் பெருமையாகச் சொன்னேன். மறுநாள் ஆபீசில் உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதினேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் அடியில் வெறும் பாறை என்றுதான் வந்தது. "நீர் கிடைக்க வாய்ப்பு இல்லை" என்று ஒரு வரி. கீழே என் கையெழுத்து. தரை காய்ந்திருந்தது, அளவு சரியாக விழவில்லை, மறுபடி பார்க்க வேண்டும் என்று எழுத இன்னும் இரண்டு வரி ஆகியிருக்கும். பென்சில் கையில்தான் இருந்தது.

அது தவறு என்று தெரிய எனக்கு ரொம்ப நாள் ஆகவில்லை. அடுத்த வாரமே சங்கராபுரத்துக்குப் பக்கத்தில் அதே மாதிரிக் காய்ந்த தரையில், தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் ஒரு அளவு, ஊற்றிய பின்னால் ஒரு அளவு என்று முருகேசன் விளையாட்டாகப் பார்க்கச் சொன்னான். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. அவன் என் முகத்தைப் பார்த்தான், நான் கம்பியைப் பிடுங்கு என்றேன். இரண்டு வருடம் கழித்து, அந்த மலை ஊருக்குச் சற்றுக் கீழே, அதே சரிவில், தனியார் ஒருவர் தம் மரவள்ளிக் காட்டில் போர் போட்டுத் தண்ணீர் கண்டார். ஊர்க்காரர்கள் மனுவோடு எங்கள் ஆபீசுக்கு வந்தார்கள். "பக்கத்துக் காட்ல வருது, எங்களுக்கு மட்டும் ஏன் வராது" என்று கேட்டார்கள். அவர்களுக்கு என் ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டி அனுப்பிவிட்டார்கள். நான் அடுத்த மேசையில்தான் உட்கார்ந்திருந்தேன். அலமேலுவும் வந்திருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்து, "நல்லா கீறீங்களா சார்" என்று கேட்டாள்.

அப்போதாவது எழுந்து சொல்லியிருக்கலாம். அந்த மாதம்தான் என்னை வேலையில் நிரந்தரம் ஆக்குவதற்கான பேப்பர் மேலே போயிருந்தது. பல வருடம் தினக்கூலியாகக் கம்பி தூக்கி, பிறகு தற்காலிகமாக மீட்டர் பார்க்க வந்தவன் நான். அந்த நேரத்தில் போய் நான் பார்த்த ஓர் இடம் தப்பு என்று சொன்னால், இவன் பார்த்த மற்ற இடமெல்லாம் எப்படி என்று கேட்பார்கள் என்று பயந்தேன். உன் ஸ்கூல், உன் பாட்டு கிளாஸ், வீட்டு வாடகை எல்லாம் கண் முன்னால் வந்தது. வாயை மூடிக்கொண்டேன். ஆர்டர் வந்தது. அம்மா கேசரி செய்தாள், நீ தெருவெல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தாய். அதே வருடம் கணக்கில் வாங்கிய மார்க்கை மறைத்து, நீயே என் கையெழுத்தைப் போட்டுக்கொண்டாய் என்று உன்னை ஸ்கேலால் அடித்தேன். "பொய்யி சொல்ற பழக்கம் எங்கருந்து வந்துச்சி உனக்கு" என்று கேட்டேன். நீ அழுதாய். அதற்கு இன்றைக்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

உன் போன் வந்த பிறகு மூன்று நாள் சும்மா சும்மா எழுந்து நடந்தேன். நான்காம் நாள், வியாழக்கிழமை, கள்ளக்குறிச்சி போய் வெள்ளிமலை பஸ் ஏறினேன். அம்மாவிடம் பேங்குக்குப் போவதாகச் சொன்னேன். பாதி வழியில் இறங்கித் திரும்பிவிடலாமா என்று இரண்டு தரம் நினைத்தேன். பஸ்ஸை விட்டு இறங்கி அந்த ஊருக்கு ஏறுவதற்குள் மூச்சு வாங்கிவிட்டது. ஊரில் இப்போது ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, லாரி வந்தால் நிரம்புமாம், வராத நாளில் பழையபடி ஓடைதான். அலமேலுவுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. அடையாளம் தெரிந்துகொண்டாள். "மீட்டர் சாரு" என்று கூப்பிட்டு உட்காரச் சொன்னாள். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர் ஊற்றாமல் பார்த்தது, தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்தது, எல்லாம்.

அவள் கத்தவில்லை. "ஊத்துங்கனு நான் சொன்னனே சார்" என்றாள். பிறகு, "என் பெரிய பொண்ணு அப்ப அஞ்சாவது முடிச்சிருந்தா. நல்லாப் படிக்கும். எனக்கு இடுப்பு வுட்டுப் போச்சி, அதுதான் கொடத்தத் தூக்கிக்கினு அலஞ்சிச்சி. பள்ளிக்கூடத்துக்குப் போவவே இல்ல அதுக்கப்பறம். இப்ப பனியன் கம்பெனில கீது" என்றாள். அஞ்சாவது முடித்த வருடம், பாப்பா. நீ ஆறாவது சேர்ந்த வருடம். உன்னைச் சேர்க்க நான் புது ஷூ வாங்கிக்கொண்டு வந்த வருடம். அவள் காட்டிய இடத்தில் உட்கார்ந்தேன். மன்னிச்சிக்கம்மா என்றேன். அவள் அதற்கு, "மன்னிப்ப வச்சிக்கினு நான் இன்னா சார் பண்ணப் போறேன்? எழுதினீங்கல்ல, அத மாத்தி எழுதுங்க. அந்தக் காய்தம் இருக்கங்காட்டியும் எவனும் இங்க மெசினு கொண்டாரப் போறதில்ல" என்றாள்.

நேற்று நான் வேலை பார்த்த இடத்துக்குப் போய் எழுதிக் கொடுத்தேன். என் ரிப்போர்ட் நம்பத் தகுந்தது இல்லை, மறுபடி அளக்க வேண்டும், தவறு என்னுடையது என்று. அங்கே இருந்த தம்பி இரண்டு தரம் படித்துவிட்டு, "சார், ரிட்டயர்டு ஆயி நிம்மதியா கீறீங்க, இத எதுக்கு இப்பக் கிளறிக்கினு" என்றார். வுடுங்க என்று அவர் சொல்லவில்லை, ஆனால் அதுதான் அர்த்தம். சீல் போட்டு வாங்கிக்கொண்டார். மறுபடி அளப்பார்களா, அளந்தாலும் பதினெட்டு வருடத்தில் அந்தத் தண்ணீர் அங்கேயே இருக்குமா, எனக்குத் தெரியாது. பென்ஷனுக்கு ஏதாவது இடைஞ்சல் வருமோ என்று வரும் வழியெல்லாம் பயந்துகொண்டே வந்தேன். மனம் லேசாகிவிட்டது என்று உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். லேசாகவில்லை. அந்தப் பெண்ணுக்குப் போன படிப்பு என் ஒரு பேப்பரால் திரும்பி வராது.

ஆகையால் போனில் நான் சொன்னதை எடுத்துவிடு. அது ஆர்டர் பேப்பருக்குப் பயந்த பழைய ஆள் சொன்னது. உனக்கு இன்னும் நேரம் இருக்கிறது, அவர்கள் இன்னும் கிளம்பவில்லை. நான் சொன்ன காரணங்கள் எல்லாம் உனக்கும் வரும். இந்த ஒரு மாதம் மட்டும் போகட்டும் என்று தோன்றும், முதலில் வேலை நிலைக்கட்டும் என்று தோன்றும். நிலைத்த பிறகு சொல்வது இன்னும் கஷ்டம், பார்த்தவன் சொல்கிறேன். எனக்காவது மலையேறிப் போய்ச் சொல்ல ஓர் அலமேலு இருந்தாள். நீ வரைந்த கோட்டை நம்பிக் கூடாரத்தில் குளிரில் கிடக்கப் போகிறவர்கள் யார் யார் என்றுகூட உனக்குத் தெரியாது.

உன் வேலை போய்விடுமோ என்று எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. அந்தப் பயத்தோடுதான் சொல்கிறேன், நாளைக்கே போய்ச் சொல்லிவிடு. இந்தக் கடிதத்தை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கேசரி செய்த வருடம் என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அது தைரியமா சொல்லிட்டு வரட்டும். வேல போச்சினா நம்ம வூட்டுக்கு வரட்டும். ஆனா கொடத்தத் தூக்கிக்கினு அலஞ்ச அந்தப் பொண்ணு பேரு இன்னானு ஏன் நீங்க கேக்கல?" என்றாள். நான் கேட்கவில்லை, பாப்பா. அவ்வளவு பேசியும் எனக்கு அது தோன்றவில்லை. திங்கட்கிழமை மறுபடி பஸ் ஏறப் போகிறேன்.

அப்பா